அன்றாட சைக்கிள் பயணத்துக்குத் தெருவை அமைப்பது எப்படி?

கடைக்கு, பள்ளிக்கு, வேலைக்கு என்று அன்றாட உடையில், அவசரமில்லாத வேகத்தில் சைக்கிளில் போய்வருபவர்களுக்காகத் தெருவை வடிவமைப்பதைப் பற்றியது இந்த வழிகாட்டி. பழகிய ஓட்டுநர் எந்தச் சாலையிலும் சமாளித்துவிடுவார். அவரை மனத்தில் வைத்து வரையக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டார் சம்மதிப்பார்களா என்பதுதான் சரியான அளவுகோல். ஐந்து கிலோமீட்டர் வழியில் நாலே முக்கால் கிலோமீட்டர் அருமையாக இருந்தும், நடுவே ஒரு நாற்சந்தியில் தடம் மறைந்துபோனால், அந்தப் பிள்ளைக்கு அந்த வழி இல்லாததற்குச் சமம்.

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. நேர்த்தெருவில் அழகான தடம் போட்டுவிட்டு, சந்திப்பு வந்ததும் 'இடம் போதவில்லை' என்று கோட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அதிகமான இடத்தில்தான் பாதுகாப்பு விலகிப்போகிறது. வரைபடத்தைச் சந்திப்புகளிலிருந்து தொடங்குங்கள். அங்கே எவ்வளவு இடம் தேவை என்று தெரிந்தபின் நேர்த்தெருவின் அளவுகளை முடிவுசெய்யலாம்.

முதலில் வலைப்பின்னல்

தனித்தனியாக நாலு தடங்கள் போடுவதைவிட, ஒன்றோடொன்று இணைந்த சிறு வலை பயன்தரும். நெதர்லாந்தில் 1970களின் பிற்பகுதியில் தி ஹேக், தில்பர்க் நகரங்களில் ஒற்றை மாதிரித் தடங்கள் அமைக்கப்பட்டன. தடத்தில் கூட்டம் கூடியது. நகரம் முழுவதும் சைக்கிள் பயணம் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. நகர அளவில், வட்டார அளவில், குடியிருப்பு அளவில் என்று மூன்றடுக்கு வலையாகத் திட்டமிட்டது. ஸ்பெயினின் செவில்லே 2006க்குப் பின் சில ஆண்டுகளிலேயே நூறு கிலோமீட்டருக்கும் மேல் இணைந்த தடங்களை அமைத்தது. சைக்கிள் ஏறக்குறைய இல்லாதிருந்த ஊரில் அது சாதாரணக் காட்சியானது.

செய்முறை எளிது. வரைபடத்தில் பள்ளிகள், சந்தைகள், நிலையங்கள், மருத்துவமனைகள், வேலையிடங்களைக் குறியுங்கள். அவற்றைக் குடியிருப்புகளோடு நேர்கோடுகளால் இணையுங்கள். ஆறு, ரயில் பாதை, பெருஞ்சாலை ஆகியவை அந்தக் கோடுகளை வெட்டும் இடங்களைத் தனியே வட்டமிடுங்கள். பாலமும் சுரங்கப்பாதையும் அங்கேதான் தேவைப்படும், செலவும் அங்கேதான் கூடும். பிறகு கோடுகளைத் தெருக்களின்மேல் ஏற்றுங்கள். நகர நடுப்பகுதியில் முதன்மைத் தடங்களுக்கு இடையே 400 முதல் 600 மீட்டர் இருந்தால் வலை நெருக்கமானது. உண்மையான தூரம் நேர்கோட்டுத் தூரத்தின் 1.2 மடங்கைத் தாண்டினால் வழியை மாற்றிப் பாருங்கள். சைக்கிளில் சுற்றுவழி கால்வலியாக உணரப்படும். கார் ஓட்டுபவருக்கு அது தெரியாது. 'உள்தெரு வழியாகச் சுற்றிப் போகட்டும்' என்று கொடுக்கும் பாதைகளை ஜனங்கள் ஒதுக்கிவிட்டு முதன்மைச் சாலையிலேயே ஓட்டுவது இதனால்தான்.

எல்லாத் தெருவுக்கும் தடம் தேவையில்லை

ஒரு தெருவில் மோட்டார் வாகனங்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், நாளொன்றுக்குச் சுமார் 2,000க்கு உள்ளாகவும் இருந்தால் சைக்கிள்கள் அவற்றோடு கலந்தே போகலாம். இரண்டில் ஒன்று மீறினாலும் தனித்தடம் தேவை. எனவே குடியிருப்புத் தெருக்களில் கேட்க வேண்டிய கேள்வி, 'தடம் எங்கே போடலாம்?' என்பதல்ல, 'இந்தத் தெருவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வண்டிகளை எப்படி நிறுத்தலாம்?' என்பதே. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப்பகுதியை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் போக வேண்டுமானால் வட்டச்சாலைக்கு வந்துதான் போக முடியும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் நேராகப் போகலாம். தடம் எதுவும் போடாமலே பல தெருமுனைகளில் மோதல் குறையும் முறை இது.

தெருவை அடைக்கச் செடித்தொட்டிகளோ தடுப்புத்தூண்களோ போதும். தூண்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடுங்கள். கார் நுழையாது, சரக்கு சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் நுழையும். வளைந்து நெளிந்து புகவேண்டிய இரும்புக் கதவுகள் வேண்டாம். கைமிதி வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிகளை அவை முற்றிலும் வெளியே நிறுத்திவிடும். தூண்களில் ஒளிதிரும்பும் பட்டை ஒட்டி, தரையிலும் முன்னெச்சரிக்கைக் கோடு வரையுங்கள். கூட்டமாகப் போகையில் முன்னால் போகிறவரின் முதுகு தூணை மறைத்துவிடும். கடைசி நொடியில் மோதுபவர் பின்னால் வருபவர். தீயணைப்பு வண்டி வரும் வழியில் கழற்றக்கூடிய தூண் வையுங்கள்.

ஒருவழித் தெருக்களில் சைக்கிளுக்கு எதிர்த்திசை அனுமதி கொடுங்கள். பெல்ஜியத்தில் 2004 முதல் போதிய அகலமுள்ள ஒருவழித் தெருக்களில் இதுவே பொதுவிதி. எதிரெதிரே வருபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதால், பயப்படுகிற அளவுக்கு ஆபத்து இல்லை. கவனிக்க வேண்டியது தெருமுனைதான்: அங்கே அம்புக்குறியும் சிறு தீவும் வைத்து, திரும்பும் வண்டி எதிர்த்திசை ஓரத்தை வெட்டாமல் தடுக்க வேண்டும்.

'30' என்று பலகை மட்டும் நட்டால் வேகம் குறையாது. தெருவின் அகலம், வளைவு, மேடு ஆகியவைதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. வேகத்தடையைக் கூர்மையான முண்டாகப் போடாமல், அலைபோல் ஏறி இறங்கும் வடிவத்தில் போடுங்கள். காரின் வேகம் குறையும். சைக்கிளின் பின்காரியரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தூக்கிப்போடப்படாது.

தடத்தின் அகலம்

சைக்கிளின் அகலம் சுமார் 65 செ.மீ. ஓடும்போது இருபுறமும் ஆடுவதால் ஒருவருக்கு 1 மீட்டர் தேவை. வேகம் மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஆட்டம் கூடும். மேட்டிலும் சிக்னலில் புறப்படும்போதும் அகலம் கூடுதலாக வேண்டும் என்பது இதனால்தான். ஒருவரை இன்னொருவர் முந்த 2 மீட்டர் வேண்டும். அதுவே ஒருவழித் தடத்தின் குறைந்தபட்சம். தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட, பின்னால் வருபவர் முந்த, 2.5 மீட்டர் வேண்டும். இருவழித் தடம் என்றால் 3 மீட்டர். கூட்டம் இருந்தால் 4.

காகிதத்தில் போட்ட அகலம் முழுவதும் கையில் கிடைக்காது. ஓரக்கல் 6 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் பெடல் இடிக்கும் என்ற பயத்தில் ஓட்டுபவர் 20 செ.மீ. தள்ளியே ஓட்டுவார். 60 செ.மீ.க்கு மேல் உயரமான சுவரோ வேலியோ இருந்தால் அரை மீட்டர் வீண். இருபுறமும் வேலி போட்ட 2 மீட்டர் தடம், உண்மையில் 1 மீட்டர் தடம். ஆகவே தடத்தின் பக்கம் ஓரக்கல்லை 5 செ.மீ.க்குள் வைத்து, 45 பாகையோ அதைவிடச் சாய்வாகவோ வெட்டுங்கள். சக்கரம் உரசினாலும் ஏறி இறங்கிவிடும், ஆள் விழமாட்டார்.

தடத்துக்கும் வாகனங்களுக்கும் இடையே குறைந்தது அரை மீட்டர் இடைவெளி. பக்கத்தில் கார் நிறுத்தும் வரிசை இருந்தால் 80 செ.மீ. வேண்டும், கதவு திறக்கும் வீச்சு அது. நிறுத்திய கார்களுக்கும் ஓடும் கார்களுக்கும் நடுவே வெள்ளைக்கோட்டால் சைக்கிள் தடம் வரைவது மிகப் பழைய தவறு. ஒருபுறம் கதவு, மறுபுறம் லாரி. வரிசையை மாற்றுங்கள்: நடைபாதை, சைக்கிள் தடம், இடைவெளி, கார் வரிசை, பிறகு ஓடும் வண்டிகள்.

எல்லைக்கு எல்லை 20 மீட்டர் உள்ள தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இப்போது நடைபாதை இருபுறமும் 2.5, கார் நிறுத்தம் இருபுறமும் 2.25, நடுவே 3.5 மீட்டரில் மூன்று வாகனத் தடங்கள். இதை இப்படி மாற்றலாம்: நடைபாதை 3 + 3, சைக்கிள் தடம் 2.2 + 2.2, கார் நிறுத்தம் ஒருபுறம் மட்டும் 2.1, அந்தப் பக்க இடைவெளி 0.8, எதிர்ப்பக்க இடைவெளி 0.5, வாகனத் தடங்கள் 3.1 + 3.1. கூட்டினால் அதே 20. இடம் நடைபாதையிலிருந்து எடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நடைபாதையைப் பாதியாக வெட்டி, 'இதில் சைக்கிள், அதில் ஆள்' என்று கோடு போடுவது இரு தரப்பையும் சண்டைக்கு இழுத்துவிடுவது. அதைச் செய்யவே வேண்டாம்.

தடத்தின் மட்டம் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்ந்தும், சாலையைவிடச் சற்று உயர்ந்தும் இருப்பது நல்லது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பரவலாக உள்ள முறை இது. பார்வையற்றவரின் கோலுக்கு எல்லை தட்டுப்படும். மோட்டார் வண்டி எளிதில் ஏறாது. இருவழித் தடத்தை ஒரே பக்கம் போடுவது மலிவு. ஆனால் கிளைத்தெருவிலிருந்து வரும் ஓட்டுநர் வழக்கமான திசையை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார், எதிர்த்திசை சைக்கிள் அவர் கண்ணில் படாது. கிளைத்தெருக்கள் குறைவான ஆற்றோரம், ரயில் பாதையோரம் போன்ற இடங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு

நேராகப் போகும் சைக்கிளை, ஓரமாக (நம் ஊரில் இடப்பக்கமாக) திரும்பும் வாகனம் குறுக்கே வெட்டுவதுதான் சந்திப்பில் கொடிய விபத்து. பெரிய லாரியின் ஓட்டுநருக்குத் தன் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கு அருகே இருப்பவர் தெரியவே மாட்டார். கண்ணாடி கூடுதலாகப் பொருத்தியும், எச்சரிக்கைப் பலகை வைத்தும் இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. திரும்பும் வேகத்தைக் குறைப்பது, சைக்கிளை ஓட்டுநரின் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி நிறுத்துவது, இருவருக்கும் முடிவெடுக்க நேரம் கொடுப்பது: இந்த மூன்றையும் தெருவின் வடிவமே செய்ய வேண்டும்.

தடம் சந்திப்பை நெருங்கும்போது, அதைச் சாலையிலிருந்து 5 முதல் 6 மீட்டர் உள்ளே விலக்குங்கள். ஒரு காரின் நீளம் அது. திரும்பிய கார் தன் பின்னால் வரும் வாகனங்களை மறிக்காமல் அந்த இடத்தில் நின்று சைக்கிளுக்கு வழிவிடலாம். அதற்குள் கார் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பியிருப்பதால் சைக்கிள் அதன் முன்கண்ணாடியில் தெரியும். விலக்கும் வளைவை மென்மையாக்குங்கள். சட்டென்று ஒடித்தால் ஓட்டுபவரின் கவனம் முழுவதும் வளைவிலேயே போய்விடும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆரம் 15 மீட்டர் இருக்கட்டும்.

மூலையில் ஓரக்கல்லால் ஒரு தீவு அமையுங்கள். இது அலங்காரம் அல்ல, மொத்த வடிவமைப்பின் அச்சு. கார் திரும்பும் ஆரத்தை இது 4, 5 மீட்டருக்குச் சுருக்குகிறது. அதன் பின்னால் சைக்கிள்கள் காத்திருக்கலாம். நீண்ட லாரியும் பேருந்தும் திரும்ப வேண்டிய மூலை என்றால் தீவைச் சிறிதாக்கிவிடாதீர்கள். தீவின் வெளிவிளிம்பில் 5 செ.மீ. உயரத்தில் கரடுமுரடான கல் பட்டை ஒன்று சேருங்கள். லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிப்போகும், கார் ஓட்டுநர் சத்தத்துக்கும் குலுக்கலுக்கும் பயந்து விலகிப்போவார். வரைந்தபின், அந்த ஊரின் மிக நீண்ட வண்டியின் திருப்பத்தை வரைபடத்தில் ஓட்டிப்பாருங்கள். பெரும்பாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் கட்டிய தீவு பிறகு இடிக்கப்படுகிறது.

சைக்கிள் நிற்கும் கோடு தீவுக்கு அருகே, வாகனங்கள் நிற்கும் கோட்டைவிட முன்னால் இருக்க வேண்டும். பச்சை விழுந்ததும் சைக்கிள் முதலில் சந்திப்புக்குள் தெரியும். எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள் இரண்டு கட்டமாகப் போகும்: நேராகக் கடந்து, அடுத்த மூலையில் காத்திருந்து, மறுபடி கடக்கும். அங்கே காத்திருக்க 3 மீட்டர் ஆழம் வேண்டும். இழுவண்டி பூட்டிய சைக்கிளும் 2.8 மீட்டர் நீளச் சரக்கு சைக்கிளும் தடத்தை மறிக்காமல் நிற்கும்.

சிக்னல் நேரம் அடுத்தது. ஓரமாகத் திரும்பும் வண்டிகள் மணிக்குச் சுமார் 150ஐத் தாண்டினால் சைக்கிளுக்கும் அவற்றுக்கும் ஒரே நேரத்தில் பச்சை காட்டாதீர்கள். சைக்கிள் தடம் இருவழி என்றால் 100ஐத் தாண்டினாலே பிரித்துவிடுங்கள். அதற்குக் கீழே என்றால் சைக்கிளுக்கு 4, 5 நொடி முன்கூட்டியே பச்சை கொடுங்கள். கடக்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள். மஞ்சள் விழும் நொடியில் நுழைந்த பிள்ளை நொடிக்கு 4 மீட்டர் போகும் என்று வைத்தால் 24 மீட்டர் சந்திப்பைக் கடக்க 6 நொடி ஆகும். காரின் வேகத்துக்குப் போட்ட இடைவெளியில் அந்தப் பிள்ளை நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். காத்திருப்பு மிக நீண்டால், சிவப்பில் போவோர் கூடுவார்கள். அதை ஒழுக்கக்கேடு என்று திட்டுவதைவிடச் சுழற்சியைச் சுருக்குவது பலன் தரும். கோபன்ஹேகனின் நோரெப்ரோகேட் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் பச்சை அலை அமைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் ஓட்டினால் நிற்காமலே போகலாம். க்ரோனிங்கனில் சில சந்திப்புகளில் எல்லாத் திசை சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை, எல்லா வாகனத்துக்கும் சிவப்பு.

கிளைத்தெருவின் முனைகளில் சிக்னல் வேண்டாம். முதன்மைச் சாலையின் நடைபாதையும் சைக்கிள் தடமும் அதே மட்டத்தில், அதே தரையில், கிளைத்தெருவின் வாயைக் குறுக்காகக் கடந்து போகட்டும். கார்தான் 10, 12 செ.மீ. ஏறி இறங்க வேண்டும். யார் வழிவிட வேண்டும் என்பது தரையைப் பார்த்தாலே புரிந்துவிடும். முனைக்கு முன்னால் 10 மீட்டருக்குக் கார் நிறுத்த இடம் விடாதீர்கள், குப்பைத்தொட்டியும் விளம்பரப் பலகையும் வேண்டாம். பார்வை மறைந்தால் மற்றவை எல்லாம் வீண்.

ரவுண்டானாவில் வண்டிகள் சுற்றும் தடத்தின் வெளிவிளிம்பிலேயே சைக்கிள் கோடு வரைவது கோடே இல்லாததைவிட மோசம்; வெளியேறும் ஒவ்வொரு வண்டியும் அதை வெட்டும். வாகனத்துக்கு ஒரே ஒரு சுற்றுத்தடம், செங்குத்தான நுழைவு, 5 மீட்டர் விலகிய தனி சைக்கிள் வளையம் என்று அமைத்தால் நன்றாக வேலைசெய்கிறது. இரண்டு சுற்றுத்தடம் உள்ள பெரிய ரவுண்டானாவைத் தரைமட்டத்தில் கடக்க வைக்காதீர்கள். கீழ்ப்பாதையோ சிக்னலோ வேண்டும்.

பேருந்து நிறுத்தம்

தடத்தை நிறுத்தத்தின் பின்புறமாகக் கொண்டுபோங்கள். பேருந்துக்கும் தடத்துக்கும் இடையே 2.5 மீட்டர் மேடை இருக்கட்டும். இறங்குபவர் நேராகச் சைக்கிள்முன் கால்வைக்க மாட்டார், சக்கர நாற்காலியும் திரும்பும். மேடைக்குப் போகும் இடத்தில் தடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி வரிக்கோடு போடுங்கள். நிழற்குடையின் பக்கச்சுவர் கண்ணாடியாக இருக்கட்டும்.

தரை

பெரும்பாலான சைக்கிள்களில் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. தரை மோசமானால் ஓட்டுபவர் பக்கத்துச் சாலைக்கே இறங்கிவிடுவார். இயந்திரத்தால் விரித்த தார்க்கலவையே நல்லது. பேவர் பிளாக் போட்ட அன்று அழகாக இருக்கும். அடித்தளம் சரியாக இறுக்கப்படவில்லையென்றால் விரைவிலேயே அமுங்கி அலையலையாகும். சாலையிலிருந்து தடத்துக்கு ஏறுமிடத்தில் மட்ட வேறுபாடு பூஜ்யம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 'இரண்டு சென்டிமீட்டர்தானே' என்று விடும் விளிம்பில் சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கும்.

தரை ஒரே பக்கமாக 2 முதல் 2.5 சதவீதம் சாயட்டும், தண்ணீர் தேங்காது. வடிகால் வாயை ஓரக்கல்லின் பக்கவாட்டில் வையுங்கள். தரையில் சல்லடை தவிர்க்க முடியாவிட்டால் கம்பிகள் பயணத்திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் டயர் உள்ளே இறங்கி ஆள் தலைகுப்புற விழுவார். மேன்ஹோல் மூடிகளையும் வழவழப்பான பெயின்ட்டையும் வளைவில் வைக்காதீர்கள், மழையில் அங்கேதான் சறுக்கும். டிராம் தண்டவாளத்தை 60 பாகைக்குக் குறையாத கோணத்தில் கடக்கச் செய்யுங்கள். ஏற்றம் 3 சதவீதமானால் 80 மீட்டர் வரை, 5 சதவீதமானால் 30 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் நீண்டால் இடையே சமதளம் தேவை.

மரங்கள் நட்டு நிழல் தாருங்கள். வேர்த்தடுப்புப் பலகையை அப்போதே இறக்கிவிடுங்கள், பிறகு தரை வெடிக்காது. குழாய்க்காகத் தோண்டுபவர் தடத்தின் முழு அகலத்துக்கும் தரையை மீண்டும் போட வேண்டும் என்று அனுமதிச் சீட்டில் நிபந்தனை வையுங்கள். ஒட்டுப்போட்ட நெடுக்குப் பள்ளம் சல்லடைக்குச் சமமான ஆபத்து.

நிறுத்துமிடம்

சைக்கிளின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டக்கூடிய தலைகீழ் 'ப' வடிவக் குழாய் போதும்: உயரம் 75 முதல் 80 செ.மீ., நீளம் 70 முதல் 100 செ.மீ., குழாய் விட்டம் 5 செ.மீ. இரண்டு குழாய்களுக்கு இடையே 1 மீட்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள் நிற்கும். சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி நடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வளையங்களை வாங்காதீர்கள்; சைக்கிள் சாய்ந்தால் சக்கரம் கோணும், திருடுபவருக்கும் வேலை எளிது. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் வைத்தால்தான் பயன்படுத்துவார்கள். ரயில் நிலையத்தில் அளவே வேறு: நெதர்லாந்தில் 2019இல் முழுமையடைந்த உட்ரெக்ட் நிலைய நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கின்றன, உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம்.

கட்டும் முன்னும் பின்னும்

சந்தேகமான சந்திப்பில் முதலில் ரப்பர் ஓரக்கல், மணல்மூட்டை, பெயின்ட் கொண்டு வடிவத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கேமரா வைத்தால் வண்டிகள் எந்த ஆரத்தில் திரும்புகின்றன, எந்த இடத்தில் தீவைத் தொடுகின்றன என்று தெரியும். கான்கிரீட் ஊற்றியபின் திருத்துவது பலமடங்கு செலவு.

தடம் திறந்ததும் மோட்டார் பைக்குகள் உள்ளே வரும், சரக்கு வண்டிகள் மேலே நிற்கும். அபராதத்தை மட்டும் நம்பாதீர்கள். சரக்கு இறக்க இடமே கொடுக்காத தெருவில் லாரி தடத்தில்தான் நிற்கும். கார் வரிசையில் ஒரு பகுதியைச் சரக்குக்கு ஒதுக்குங்கள். கூட்டும் இயந்திரத்தின் அகலத்தைத் தடத்தின் அகலம் முடிவாகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலையைப் பெருக்கும்போது கண்ணாடித்தூளும் மண்ணும் தடத்தின் பக்கம்தான் ஒதுங்கும். இயந்திரம் நுழையாத தடத்தில் அது அப்படியே தங்கி டயர்களைக் குத்தும்.

எண்ணும்போது மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். பெண்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். இளைஞர்கள் மட்டுமே தெரிந்தால், வழியில் எங்கோ ஒரு சந்திப்பு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் இடத்தையோ நடைபாதையில் ஏறும் இடத்தையோ கண்டுபிடித்து, அடுத்த ஆண்டுப் பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.